ரோஜர்னா ‘சரி’ இல்ல பாஸ்!

ஹாஸ்டல் மெஸ்ல ஒருத்தன், “மச்சி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துடு” என்கிறான். எதிர்ல தட்டோட உட்கார்ந்திருக்கிறவன் ஸ்டைலா, “ரோஜர் தட்!” என்கிறான். சாயங்காலம் வந்தானா? வரலை. கேட்டா, “நான் எப்படா வர்றேன்னு சொன்னேன்?” என்று ஒரே போடு. கோபப்படாதீங்க. டெக்னிக்கலா அவன் பேசினது நூத்துக்கு நூறு கரெக்ட்!

‘ரோஜர்’ என்றால் ‘நீ கடைசியா சொன்னது முழுசா என் காதுல விழுந்தது’. அவ்வளவுதான். ஒத்துக்கிட்டேன், செய்யறேன், ஆமாம், சரி... இதெல்லாம் அதில் கிடையாது. ‘செய்கிறேன்’ என்று சொல்ல வேறு ஒரு வார்த்தை இருக்கிறது: ‘வில்கோ’. ‘வில் கம்ப்ளை’ என்பதன் சுருக்கம். ‘ஆமாம்’ என்பதற்கு ‘அஃபர்ம்’. ‘இல்லை’ என்பதற்கு ‘நெகட்டிவ்’. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லவேண்டிய கேள்விக்கு ‘ரோஜர்’ சொல்லக் கூடாது என்று விமானிகளுக்கான ரேடியோ விதிமுறையிலேயே இருக்கிறது.

ஒரே மாதிரி இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரித்து மேய்கிற இந்தப் பகுதியில், இந்த வாரம் ஏரோப்ளேன் ஏறுவோம். நம்ம ஊர்ல ‘அட்வைஸ்’, ‘அட்வைஸ்’ ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் மாறிப் போனா ஹெச்.ஆர். மேடம் ஒரு மாதிரி பார்ப்பாங்க, அவ்வளவுதான். முப்பதாயிரம் அடி உயரத்தில் வார்த்தை மாறினால் கதையே வேற.

முதலில் ஏன் ‘அஃபர்ம்’? முழு வார்த்தை ‘அஃபர்மேட்டிவ்’ என்பது நமக்கே தெரியும். ரேடியோவில் கரகரப்பு வந்து முதல் பாதி அடிபட்டுப் போனால் மிஞ்சுவது ‘...ட்டிவ்’. ‘நெகட்டிவ்’ என்பதிலும் மிஞ்சுவது அதே ‘...ட்டிவ்’! ஆமாமும் இல்லையும் ஒரே வாலோடு இருந்தால் எப்படி? அதனால் சர்வதேச விதிப்படி வாலை வெட்டிவிட்டார்கள். ‘ஒன்பது’ வெறும் ‘நைன்’ இல்லை, ‘நைனர்’. ‘ஐந்து’ என்பது ‘ஃபைஃப்’. சும்மா சொல்லிப் பாருங்க, ‘நைன்’, ‘ஃபைவ்’ ரெண்டும் இரைச்சலில் அண்ணன் தம்பி மாதிரி கேட்கும்.

நம்ம சினிமாவில் போலீஸ் வாக்கி டாக்கியில் “ஓவர் அண்ட் அவுட்” என்று பந்தாவா முடிப்பார்களே... அதுவும் உளறல்தான். ‘ஓவர்’ என்றால் ‘நான் முடிச்சுட்டேன், உன் பதிலுக்குக் காத்திருக்கேன்’. ‘அவுட்’ என்றால் ‘பேச்சு முடிஞ்சது, பதில் வேண்டாம்’. ரெண்டையும் சேர்த்துச் சொல்றது, வாசல்ல நின்னு “உள்ளே வாங்க, வராதீங்க”ன்னு சொல்ற மாதிரி. இன்னொண்ணு: சரியாகக் கேட்காவிட்டால் ‘ரிப்பீட்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘சே அகெய்ன்’ என்பார்கள். காரணம், ராணுவ பீரங்கிப் படையின் ரேடியோவில் ‘ரிப்பீட்’ என்றால் ‘அதே இடத்துல இன்னொரு தடவை சுடு’ என்று அர்த்தம்! ‘மறுபடி சொல்லுப்பா’ என்று கேட்கப் போய் மறுபடி குண்டு விழுந்தால் யார் பொறுப்பு?

இதுவரைக்கும் ஜாலி. இனிமே கொஞ்சம் சீரியஸ்.

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரில் இருந்து கோலாலம்பூருக்கு ‘ஃப்ளையிங் டைகர்’ நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் இருந்து, ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று உத்தரவு. அவர்கள் நினைத்தது 2,400 அடி. ‘டூ’ என்பது இரண்டு என்ற எண். விமானியின் காதில் விழுந்த ‘டூ’வோ வேற டூ. ‘நானூறு அடி வரைக்கும்’ என்பதில் வருகிற ‘வரைக்கும்’. “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று பதில் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அந்தப் பதிலில் இருந்த ஓட்டையைக் கீழே இருந்தவர்களும் கவனிக்கவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதியது. உள்ளே இருந்த நான்கு பேரும் போய்விட்டார்கள். இதில் கவனிக்கவேண்டியது, அந்த விமானிகள் அமெரிக்கர்கள். இங்கிலீஷ்தான் தாய்மொழி. ‘நமக்கு இங்கிலீஷ் வராது, அதனாலதான் குழப்பம்’னு நாம போடுற ஒப்பாரி இங்கே செல்லாது.

இதே மாதிரி ‘ஹோல்ட்’. ரேடியோவில் ‘ஹோல்ட்’ என்றால் நில். நாம் பேசுகிற இங்கிலீஷிலோ ‘இருக்கிறபடியே இரு, விடாதே’ என்றும் ஆகும். 1981-ல் கலிஃபோர்னியாவின் ஜான் வெய்ன் விமான நிலையத்தில் ஒரு விமானத்தை ‘இறங்காதே, சுற்றிக்கொண்டு வா’ என்று சொன்னார்கள். கேப்டன், ‘ஹோல்ட் பண்ணலாமான்னு கேளு’ என்றார். அவர் மனதில் இருந்தது ‘இறங்குவதையே தொடரலாமா’ என்பது. சக்கரத்தை மடக்கிய நிலையில் விமானம் ரன்வேயில் தேய்த்துக்கொண்டு போனது. நல்லவேளை, உயிர் யாருக்கும் போகவில்லை.

நல்லவேளை என்று சொல்ல முடியாதது 1977 மார்ச் 27-ல் நடந்தது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒன்று, டெனெரிஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்ததால், அங்கே போகவேண்டிய விமானங்கள் எல்லாம் டெனெரிஃபின் சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. ஒரே ரன்வே. மூடுபனி வேறு. ஹாலந்தின் கே.எல்.எம். விமானம் ஒன்று ரன்வேயின் ஒரு முனையில் தயாராக நிற்கிறது. அமெரிக்காவின் பான் ஆம் விமானம் ஒன்று அதே ரன்வேயில் எதிரே மெதுவாக ஊர்ந்து வருகிறது. ரெண்டுமே ஜம்போ 747. ஒன்றுக்கு ஒன்று கண்ணில் படவில்லை. டவரில் இருந்தவர்களுக்கு ரெண்டுமே தெரியவில்லை.

இங்கேதான் ‘கிளியரன்ஸ்’ என்ற வார்த்தையின் விளையாட்டு. விமானத்துக்கு ரெண்டு வகை கிளியரன்ஸ் உண்டு. ஒன்று, ‘மேலே ஏறின பிறகு இந்த வழியா, இந்த உயரத்துல போ’ என்கிற பாதைக்கான அனுமதி. இன்னொன்று, ‘இப்போ கிளம்பு’ என்கிற டேக்-ஆஃப் அனுமதி. டவர் கொடுத்தது முதல் வகை. ஆனால், அந்த வாக்கியத்துக்குள் ‘டேக்-ஆஃப்புக்குப் பிறகு வலது பக்கம் திரும்பு’ என்று அந்த வார்த்தையும் வந்துவிட்டது. கே.எல்.எம். கேப்டன் கிளம்பிவிட்டார். துணை விமானி ரேடியோவில் சொன்னது, “வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்”.

‘அட் டேக்-ஆஃப்’. இது என்ன இங்கிலீஷ்? ‘கிளம்புற இடத்துல நிக்கிறோம்’ என்று எடுத்துக்கொண்டார் டவரில் இருந்த ஸ்பானியக் கன்ட்ரோலர். துணை விமானி சொல்ல வந்தது ‘கிளம்பிட்டே இருக்கோம்’. டச்சு மொழியில் ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்பதைச் சொல்ல, ‘அட்’ மாதிரி ஒரு சொல்லைப் போட்டு வினையைச் சொல்லும் வழக்கம் உண்டு. பதற்றத்தில் தாய்மொழியின் வாக்கியம் இங்கிலீஷ் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கலாம் என்கிறார்கள் மொழியியல்காரர்கள். நமக்கு இது புரியாதா என்ன! ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்பதை ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று கிளாசில் எழுந்து நின்று கேட்கிறவர்கள்தானே நாம். நம்ம லெக்சரருக்கு அது கேள்வி. வெளிநாட்டு புரொஃபசருக்கு, ‘நீங்க சொல்றதை நான் நம்பலை’ என்று படும்.

டவர் அதற்குச் சொன்ன பதிலின் முதல் வார்த்தை “ஓகே”. ரெண்டு செகண்ட் கழித்து, “டேக்-ஆஃப்புக்குக் காத்திரு, நான் கூப்பிடறேன்”. அதே நொடியில் பான் ஆம் விமானி பதறிப் போய், ‘நாங்க இன்னும் ரன்வேலதான் இருக்கோம்’ என்று பேசினார். ஒரே அலைவரிசையில் ரெண்டு பேர் பேசினால் என்ன ஆகும்? கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது “ஓகே” மட்டும். அந்த விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினீயர் ஒருவருக்குத்தான் உறுத்தியது. ‘அந்த பான் ஆம் இன்னும் வெளியே போகலையோ?’ என்று கேட்டிருக்கிறார். ‘போயாச்சு’ என்று அடித்துச் சொல்லிவிட்டார் கேப்டன். ரெண்டு விமானங்களிலும் சேர்த்து 583 பேர் இறந்துபோனார்கள். விமான விபத்துகளின் வரலாற்றில் இன்றைக்கும் இதுதான் அதிக உயிர்களைக் குடித்த விபத்து.

இதற்குப் பிறகு வந்த மாற்றத்தைப் பாருங்க. ‘டேக்-ஆஃப்’ என்ற வார்த்தையை டிக்‌ஷனரியில் இருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போது, அல்லது கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போது மட்டும்தான் பெட்டி திறக்கும். மற்ற எல்லா நேரத்திலும் ‘டிபார்ச்சர்’. ‘ரெடி ஃபார் டேக்-ஆஃப்’ என்று விமானி கேட்கக் கூடாது, ‘ரெடி ஃபார் டிபார்ச்சர்’. நம்ம பார்வையில் ரெண்டுக்கும் ‘புறப்பாடு’ என்று ஒரே மொழிபெயர்ப்பு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அங்கே ஒன்று பூட்டு, இன்னொன்று சாவி.

ரன்வேயில் ஏறி நின்று காத்திரு என்பதற்கு அமெரிக்காவில் ரொம்ப காலம் ‘பொசிஷன் அண்ட் ஹோல்ட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலகம் பூரா ‘லைன் அப் அண்ட் வெயிட்’. இந்த அண்ணன் மட்டும் தனி ரூட்டு. 2010 செப்டம்பர் 30-ல் இருந்துதான் அமெரிக்காவும் ‘லைன் அப் அண்ட் வெயிட்’டுக்கு மாறியது. பவுண்டையும் அடியையும் இன்னும் விடாத ஊர், இதையாவது விட்டதே!

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த ஜோடி வேற. ‘பிரையாரிட்டி’, ‘எமர்ஜென்சி’.

1990 ஜனவரி 25. கொலம்பியா நாட்டின் ‘அவியாங்கா 52’ விமானம், போயிங் 707, 158 பேரோடு நியூயார்க்குக்கு வருகிறது. நியூயார்க்கில் வானிலை மோசம், டிராஃபிக் ஜாம். மூன்று தடவை காத்திருக்க வைத்து வட்டமடிக்க விட்டார்கள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். எரிபொருள் தீர்ந்துகொண்டே வருகிறது. ரேடியோவில் பேசிய துணை விமானி, “எங்களுக்கு பிரையாரிட்டி வேணும்னு நினைக்கிறேன்” என்றார். இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்று கேட்டபோது, ஐந்து நிமிஷம் என்றார். மாற்று நிலையமான பாஸ்டனுக்குப் போக இனி எரிபொருள் இல்லை என்றும் சொன்னார். அந்தக் கன்ட்ரோலர் அடுத்த கன்ட்ரோலருக்குக் கைமாற்றும்போது ‘ஐந்து நிமிஷம்’ மட்டும் போய்ச் சேர்ந்தது. மீதி போகவில்லை.

ஒரு தடவை இறங்க முயன்று முடியாமல் மறுபடி மேலே ஏறினார்கள். காக்பிட்டில் கேப்டன் ஸ்பானிஷில் சொல்கிறார், “எமர்ஜென்சின்னு சொல்லு”. துணை விமானி ரேடியோவில் சொன்னதோ, “வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூயல்”. கேப்டன் மறுபடியும் கேட்கிறார், சொன்னியா? ‘சொல்லிட்டேன் சார்’ என்கிறார் இவர். பொய் இல்லை. அவர் கணக்கில் சொல்லிவிட்டார்! இன்னொரு சுற்று சுற்றி வரச் சொன்ன கன்ட்ரோலர், “உங்களுக்கும் உங்க எரிபொருளுக்கும் அது ஓகேவா?” என்கிற மாதிரி கேட்டார். பதில்: “ஐ கெஸ் சோ, தேங்க் யூ வெரி மச்”.

கொஞ்ச நேரத்தில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, லாங் ஐலேண்டில் மலைப்பாங்கான ஓர் இடத்தில் விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை. பிடிக்க டாங்கில் எரிபொருளே இல்லை.

ஏன் கன்ட்ரோலர் அசையவில்லை? பரீட்சைக்கு முதல் நாள் காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையை நினைச்சுக்கோங்க. “அண்ணே, கொஞ்சம் அவசரம்ணே” என்று பத்து பேர் நிற்கிறோம். கடைக்கார அண்ணனுக்கு எல்லாருமே அவசரம்தான், அதனால யாருமே அவசரம் இல்லை. அன்றைக்கு நியூயார்க் வானத்தில் வட்டமடித்த எல்லா விமானத்துக்கும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருந்தது. ‘குறையுது’ என்பது செய்தி. ‘பிரையாரிட்டி’ என்பது வேண்டுகோள். ‘எமர்ஜென்சி’ என்பது அறிவிப்பு. அதைச் சொன்ன நொடியில் கன்ட்ரோலருக்கு வேற வழியில்லை, மற்ற எல்லாரையும் ஒதுக்கிவிட்டுப் பாதை போட்டாகவேண்டும். முதல் ரெண்டு வார்த்தையிலும் முடிவெடுக்கிறவர் கேட்கிறவர். மூணாவதில் முடிவெடுக்கிறவர் சொல்கிறவர். டிக்‌ஷனரியில் இந்த வித்தியாசம் கிடைக்காது.

விபத்தை விசாரித்த அமெரிக்க வாரியம், எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததற்கும் எமர்ஜென்சி என்று சொல்லாததற்கும் விமானிகளைத்தான் காரணம் காட்டியது. ஆனால், எரிபொருள் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி புரிகிற வார்த்தைகள் இல்லாததையும் சேர்த்தே சொன்னது. மால்கம் கிளாட்வெல்லின் ‘அவுட்லையர்ஸ்’ படித்தவர்களுக்கு இந்தச் சம்பவம் ஞாபகம் வரும். அவர் பெரியவர்களிடம் பணிந்து பேசும் பழக்கத்தைக் காரணமாகக் காட்டுகிறார். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. பணிவு ஒரு பக்கம். கையில் சரியான வார்த்தையே இல்லாதது இன்னொரு பக்கம். பணிவை மாற்ற ஒரு தலைமுறை ஆகும், வார்த்தையை மாற்ற ஒரு சர்க்குலர் போதும்.

சர்க்குலர் வரத்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 2012-ல் சர்வதேச விதியில் ரெண்டு தனித்தனிச் சொற்களாகப் பிரித்தார்கள். ‘மினிமம் ஃப்யூயல்’ என்றால், ‘இது எமர்ஜென்சி இல்லை, ஆனா இனிமே ஏதாவது தாமதம் பண்ணினா கடைசி இருப்பில் கை வைக்கவேண்டி வரும்’. ‘மேடே, மேடே, மேடே ஃப்யூயல்’ என்றால், ‘இறங்கும்போது கடைசி இருப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும்’. ஜெட் விமானத்துக்கு அந்தக் கடைசி இருப்பு அரை மணி நேரப் பறப்புக்கான அளவு. மொபைல் சார்ஜ் 20 சதவிகிதம், 5 சதவிகிதம் மாதிரின்னு வைச்சுக்கலாம்.

‘மேடே’யில் மே மாதமும் இல்லை, தினமும் இல்லை. ‘எனக்கு உதவு’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் ஒலி. 1920-களில் லண்டன் குராய்டன் விமான நிலையத்தில் உருவானது. அதற்குத் தம்பி ‘பான்-பான்’. மேடே என்றால் ‘டிஸ்ட்ரெஸ்’, உயிருக்கு ஆபத்து, இப்பவே உதவி வேணும். பான்-பான் என்றால் ‘அர்ஜென்ஸி’, பிரச்னை பெரிசு, ஆனா உடனடி உதவி வேண்டிய அளவுக்கு இல்லை. நாம் அசைன்மென்ட்டுக்கே ‘அர்ஜென்ட்’ என்று மூணு ஆச்சரியக்குறி போடுகிற ஆட்கள். அங்கே ‘அர்ஜென்ஸி’க்கு ரெண்டாவது இடம்தான்!

தமிழில் ‘உயரம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அதற்கு அவர்களிடம் நாலு. ‘ஹைட்’ என்றால் கீழே இருக்கிற தரையில் இருந்து. ‘ஆல்டிட்யூட்’ என்றால் கடல் மட்டத்தில் இருந்து. ‘எலிவேஷன்’ என்பது தரையே கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்பது. ‘ஃப்ளைட் லெவல்’ என்பது 1,013 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரு பொதுவான காற்றழுத்தத்தை வைத்து எல்லா விமானமும் போடுகிற கணக்கு. சென்னையில் ‘ஆல்டிட்யூட்’ 4,000 அடி என்றால் தரைக்கும் உங்களுக்கும் கிட்டத்தட்ட அதே 4,000 அடி இடைவெளி. அதே 4,000-ஐ வைத்துக்கொண்டு பெங்களூரு விமான நிலையத்துக்கு மேலே போங்க. அந்த நிலையமே சுமார் 3,000 அடி எலிவேஷனில் இருக்கிறது. கீழே மிச்சம் ஆயிரம் அடிதான்.

நம்ம நாட்டு வானத்தில் நடந்ததும் ஒன்று உண்டு. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் தனக்குக் கொடுத்த 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. அந்தக் குழுவின் இங்கிலீஷும் விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. இந்த மாதிரி விபத்துகளின் தொடர்ச்சியாகத்தான் 2003-ல் விமானிகளுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் இங்கிலீஷ் தேர்வு என்று சர்வதேச விதி வந்தது. மொத்தம் ஆறு லெவல். வெளிநாட்டுக்குப் பறக்க நாலாவது லெவலாவது வேண்டும். நாலில் இருப்பவர் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி எழுதவேண்டும், ஐந்தில் இருப்பவர் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை. ஆறாவது லெவல்காரருக்கு மறுதேர்வே இல்லை. அந்த ஆறில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் யார்? இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நானூறு அடிக்கு இறங்கிய கோலாலம்பூர் விமானிகள் மாதிரி, ‘ஹோல்ட்’ என்ற கலிஃபோர்னியா கேப்டன் மாதிரி ஆட்கள். அவர்களுக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு அரியர் எக்ஸாம் வைத்தால்தான் என்ன?

அடுத்த வாரம்: ‘ஷல்’, ‘ஷுட்’, ‘மே’. ஐ.எஸ். கோடு புத்தகத்தில் இந்த மூணும் எங்கே எங்கே வருதுன்னு சிவில் மக்கள் பென்சிலால் கோடு போட்டு வைங்க. மெக்கானிக்கல்காரங்க வழக்கம் போல அவங்ககிட்ட இருந்து வாங்கிக்கலாம்!